அணையா விளக்கின் யானை

கண்டியிலிருந்து கொழும்பு வீதி வழியே செல்வோர், மாவனல்லை, கேகாலை ஆகிய ஊர்களைக் கடந்து நெலுந்தெனியவில் திரும்பினால், சிறிது தொலைவில் தெதிகம என்னும் சிற்றூரை அடைவர். முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) தான் பிறந்த இடத்திலே எழுப்பியதாகக் கருதப்படும் கோட்டவெகெர என்னும் தாதுகோபம் அங்கே உள்ளது. 1951ஆம் ஆண்டில் அதனை அகழ்ந்தபோது வெளிப்பட்ட செல்வமே வெண்கல யானை விளக்கு.

விலங்கின் வடிவிலே வழிபாட்டுக் கலம் வார்ப்பது மிகப் பழைய வழக்கம். சீனத்திலே மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், சாங் மரபினர் காலத்தில், யானை, ஆந்தை, காண்டாமிருகம் முதலிய வடிவங்களில் வெண்கலக் கலங்கள் செய்து, முன்னோருக்குப் படைக்கும் மதுவை அவற்றில் வைத்தனர். 1975இல் ஹூனான் மாகாணத்தில் கிடைத்த யானைக் கலத்தில், துதிக்கையே மது வார்க்கும் வழியாகும்.

தெதிகம யானையின் தொண்டு வேறு. சங்கிலியில் தொங்கும் அகலின் நடுவே அது நிற்கின்றது. அதன் வயிறே எண்ணெய்க் களஞ்சியம். திரி எரிய எரிய அகலில் எண்ணெய் குறையும். அப்போது யானையின் அடிப்புறத்துத் துவாரம் வெளிப்பட, அதன் வழியே காற்று உட்புகும். புகுந்த காற்றின் அளவுக்கு எண்ணெய் வெளியே வடியும். எண்ணெய் உயர்ந்து துவாரத்தை மூடியதும் காற்று தடைப்படும், எண்ணெயும் நின்றுவிடும்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு போத்தலில் நீர் நிரப்பி, வாயைப் பொத்தியபடி, நீருள்ள தட்டிலே கவிழ்த்து, வாய் நீருக்குள் சிறிதே அமிழ்ந்திருக்கப் பிடியுங்கள். தட்டு நீரைக் கரண்டியால் மெல்ல அள்ளுங்கள். போத்தலின் வாய் வெளிப்படும்போதெல்லாம் ஒரு குமிழி மேலே செல்லும். போத்தல் நீர் கீழே இறங்கும்.

விளக்கு அணையலாகாது என்ற கவலை நம்மவர்க்கும் புதிதன்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகளை விட்டுவைத்த செய்தியைச் சோழர் கல்வெட்டுக்கள் பலவற்றிற் காணலாம். அங்கே அறக்கொடை செய்த காவலை, இங்கே ஒரு கம்மியனின் கைத்திறன் செய்தது.

காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியரான தொரிசெல்லி 1643இல் அமைத்தார். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட தெதிகமக் கம்மியன் விதி எதனையும் எழுதி வைத்தானல்லன். தன் பெயரையும் நமக்கு விட்டுச் சென்றானல்லன். ஆயினும் காற்று எப்போது புகும், எப்போது நிற்கும் என்பதை அவன் கை அறிந்திருந்தது. ஏட்டில் வாராத அறிவும் அறிவே என்பதற்கு, அவ்வியானையே சான்று.