பந்து ஏன் வளைகிறது? கிளாஸ்கோவில் அது ஏன் கவலை?

கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி 2026 ஜூலை 23-ல் தொடங்குகிறது. நாள் நெருங்க நெருங்க, லான் பவுல்ஸ் பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. நமக்குப் பதக்கம் குவித்த மல்யுத்தம், பாட்மிண்டன், ஹாக்கி மூன்றும் இம்முறை கிடையாது. பவுல்ஸ் இருக்கிறது. 2022-ல் பர்மிங்ஹாமில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கிய மகளிர் நால்வர் அணியை வாசகர்கள் மறக்கவில்லை.

கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: இலக்கான சிறு பந்து, அதாவது 'ஜாக்', ஓரிடத்தில் இருக்க, ஆடும் பந்தை ஏன் வேறெங்கோ உருட்டுகிறார்கள்?

பந்துக்குள் ஒரு பக்கம் ஈயம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. இன்றைய பந்து முழு உருண்டையே அல்ல. ஒரு பக்கம் சற்றுத் தட்டையாகக் கடைந்திருப்பார்கள். அதன் இரு பக்கமும் வட்ட முத்திரை உண்டு. சின்ன வட்டம் எந்தப் பக்கமோ, பந்து அந்தப் பக்கம் சாயும். வேகம் இருக்கும்வரை அது கிட்டத்தட்ட நேராகவே ஓடும். வேகம் தளரத் தளரத்தான் வளைவு கூடும்.

ஆகவே தரைதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. 27 மீட்டர் ஓடி நிற்கப் பந்து எத்தனை விநாடி எடுக்கிறது என்பதே தரையின் வேகக் கணக்கு. அதிக விநாடி எடுத்தால் அது 'வேகமான' தரை! உராய்வு குறைவு, மெதுவாக விட்டாலே போய்ச் சேரும். நெடுநேரம் உருள்வதால் வளைவும் அகலமாகிவிடும்.

கிளாஸ்கோவில் ஆட்டம் உள்ளரங்க விரிப்பில். காற்றில்லை, மழையில்லை, எல்லோருக்கும் சமம் என்று சொல்லப்படும். அதை நான் ஏற்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் குளிர்காலம் முழுக்க இத்தகைய விரிப்பில் ஆடுபவர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் பழகுவது டெல்லி, ராஞ்சி போன்ற ஊர்களின் திறந்தவெளிப் புல்தரையில். கையில் ஊறிய அளவு அங்கே அப்படியே செல்லாது.

2022 வெற்றியைத் 'திடீர் தங்கம்' என்றார்கள். ஆனால் அந்த அணியின் ரூபா ராணி திர்கியும் பிங்கியும் 2010 டெல்லிப் போட்டியிலேயே ஆடியவர்கள். 'தேசிய அணி' என்ற பெயர் சம்பளம் தரவில்லை; வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினார்கள். அப்போது லவ்லி சௌபே ஜார்க்கண்ட் காவலர். பிங்கி பள்ளி விளையாட்டு ஆசிரியை. நயன்மோனி சைகியா அசாம் வனத்துறை ஊழியர்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக: கிரிக்கெட் பந்துவீச்சோடு பவுல்ஸுக்குச் சம்பந்தம் உண்டா? இல்லை.

பந்தின் எடை? சுமார் ஒன்றரைக் கிலோ.

எதிரணிப் பந்தைத் தட்டிவிடலாமா? தாராளமாக, ஜாக்கையே நகர்த்தலாம்.

ஆண்கள்? நால்வர் அணிக்கு 2022-ல் வெள்ளி.

2030 போட்டி அகமதாபாத்தில். அதற்குள் நம் வீரர்களுக்கு நல்ல உள்ளரங்க விரிப்பு ஒன்றாவது அமைத்துக்கொடுங்கள் என்பதே விளையாட்டு அமைச்சகத்திடம் நாம் வைக்கவேண்டிய கோரிக்கை.