செவிலியரின் புதிய பொறுப்பு

1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்டு மேசன், உடற்பருமனைக் குறைக்க இரைப்பை மாற்றுவழி அறுவையைச் செய்தார். இன்று அங்கு அத்தகைய நோயாளரைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பேற்கும் இளஞ்செவிலியர், வார்டுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. வார்டில் நாடியைத் தொட்டறிந்தனர். வீடு திரும்பியவரிடம் தொலைபேசியில் கேட்டே அறிதல் வேண்டும். ‘நலமா?’ என்றால் ‘நலமே’ என்றுதான் விடை வரும். ‘விளங்கிற்றா?’ என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தலையசைப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்! ஆகவே, ‘வாந்தி எத்தனை முறை? எத்தனை நாளாக? உண்டதில் எது தங்கிற்று?’ என வினவுதல் வேண்டும். ஓயாத வாந்தி சில வாரம் நீடிப்பின், தயமின் என்னும் பி1 வைட்டமின் குன்றிப் பார்வை இரட்டிக்கும், நடை தள்ளாடும், நினைவாற்றல் மீளாமலே கெடவும் கூடும். ஐயம் எழுந்த அன்றே மருத்துவரிடம் அறிவித்தல் வேண்டும். அடுத்த வருகைவரை பொறுத்திருத்தல் ஆகாது. பி12, இரும்புச் சத்து ஆகியவற்றின் கணக்கோ வாழ்நாள் முழுவதும் தொடர்வது.