249 கிராமும் மேல்காற்றும்

சிறிய ட்ரோன் ஒன்றின் பெட்டியில் ‘249 கிராம்’ என்று அச்சிட்டிருந்தால் அது தற்செயல் அல்ல. 250-ஐத் தாண்டிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் குறைத்த எடை அது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான இந்திய ட்ரோன் விதிகள், 250 கிராம் வரை உள்ளவற்றை ‘நானோ’ என்று வகைப்படுத்துகின்றன. இவற்றைப் பறக்கவிட ஓட்டுநர் உரிமம் வேண்டாம். மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டாம். வகைச் சான்றிதழும் வேண்டாம். இத்தனையும் வேண்டாம் என்று அரசே சொன்ன பிறகு, ‘அப்படியென்றால் இதில் ஆபத்தும் இல்லை’ என்று வாங்குகிறவர் முடிவு கட்டிவிடுகிறார். தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் போன்ற ஊரில் அந்த முடிவு தப்பாகப் போவதற்குக் காரணங்கள் பல உண்டு. முதல் காரணம் 250 என்ற அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

எந்த எடைக்கு மேல் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவு செய்ய, 2015-இல் அமெரிக்க விமானத் துறை அமைத்த குழு ஒன்று கணக்குப் போட்டது. 80 ஜூல் ஆற்றலோடு ஒரு பொருள் மேலே விழுந்தால் உயிர் போக 30 சதவீத வாய்ப்பு என்று அது வைத்துக்கொண்டது. 250 கிராம் எடை, நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் விழுந்தால் கிட்டத்தட்ட அந்த ஆற்றல் வந்துவிடும். பிறகு எப்படி அதற்குப் பதிவு வேண்டாம் என்றார்கள்? சதுர மைலுக்கு 10,000 பேர் வாழும் இடத்தில்கூட, ஐந்தில் ஒருவர்தான் கூரைக்கு வெளியே நிற்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ட்ரோன் பழுதாகி விழுந்தாலும் ஆள்மேல் விழுவது அபூர்வம். விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. விழுகிற இடத்தில் பெரும்பாலும் ஆள் இருக்காது என்றே சொல்கிறது. குலசேகரப்பட்டினம் தசரா இரவில் முத்தாரம்மன் கோயிலைச் சுற்றிக் கடற்கரைவரை நிற்கிற லட்சக்கணக்கானவர்களில் யார் தலைக்குமேல் கூரை இருக்கிறது? அங்கே அந்தச் சராசரி செல்லாது. கிரிக்கெட் பந்தின் எடை 160 கிராம் அளவுதான். அதைப் போல ஒன்றரை மடங்கு எடை, நான்கு பக்கமும் சுழலும் இறக்கையோடு வந்து விழுவதை நினைத்துப் பார்த்தால் போதும். கூட்டத்துக்குமேல் பறக்கவிடாதே என்று சொல்ல வேறு விளக்கம் தேவையில்லை. ஓரிடத்தைத் தற்காலிகமாக, அனுமதியின்றிப் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலமாக அறிவிக்கக் காவல்துறைக்கும் விதிகளில் இடம் இருக்கிறது. அதனால் நேற்றுப் பறக்கவிட்ட இடத்தில் இன்றும் பறக்கவிடலாம் என்று நம்பிவிட முடியாது.

இரண்டாவது காரணம் காற்று. எடை குறைந்தால் ஆபத்து குறையும் என்கிறவர்கள், எடை குறைந்தால் காற்றுக்கு வசப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற மேல்காற்று, ஆனி ஆடியில் இந்தப் பக்கத்தை ஒரு வழி பண்ணிவிடும். முப்பந்தலில் தொடங்கி ராதாபுரம் வட்டாரம் வரை காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது சும்மா இல்லை. காற்றாலைக்காரர் மகிழ்கிற நாள் ட்ரோன்காரருக்கு ஆகாத நாள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ட்ரோனின் முழு வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். மேல்காற்று மணிக்கு 25 என்று கொள்வோம். காற்றோடு கிழக்கே விட்டால் 61 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அரை கிலோமீட்டர் தாண்ட அரை நிமிடம் போதும். விடுகிறவருக்கு உற்சாகம் தாங்காது. திரும்பும்போது மிஞ்சுவது வெறும் 11 கிலோமீட்டர் வேகம். அதே தூரத்துக்கு இப்போது இரண்டே முக்கால் நிமிடம் ஆகும்; அதுவும் மோட்டார் முழு மூச்சில் ஓடி, பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே. காற்று இன்னும் கொஞ்சம் கூடினால் ட்ரோன் நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது கடலைப் பார்த்துப் போகும். அதனால் முதலில் மேற்கே, காற்றை எதிர்த்து விட வேண்டும். திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். கீழே நிற்கிறவரின் சட்டை அசையாத நேரத்திலும் பனை ஓலை சலசலத்துக்கொண்டிருக்கும். ட்ரோன் பறக்கப் போவது அந்த ஓலையின் உயரத்தில். பார்க்க வேண்டியது ஓலையை.

‘ஜி.பி.எஸ். இருக்கிறதே, பொத்தானை அமுக்கினால் தானாகவே திரும்பி வந்துவிடுமே’ என்பது நியாயமான கேள்வி. அது திரும்பி வரும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரும். தொடக்கநிலை ட்ரோன் பலவற்றில் முன்னால் இருக்கும் தடையைப் பார்க்கும் உணரி கிடையாது. எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்று வைத்திருக்கிறோமோ அந்த உயரத்தில் நேர்கோட்டில் வரும். உயரம் 20 மீட்டர் என்று விட்டிருந்தால், 30 மீட்டர்வரை வளரக்கூடிய பனை குறுக்கே நிற்கும். மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி. மெல்லிய பிளாஸ்டிக் இறக்கை அதற்கு நிற்குமா? எனவே கிளப்புவதற்கு முன், சுற்றிலும் உள்ள உயரமான பனையைவிட மேலே திரும்பும் உயரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர்வரை, அதாவது 400 அடிவரை, விதி இடம் தருகிறது. ஆகவே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் உயரத்தைக் கூட்டினால் காற்றும் கூடும் என்பதை முந்திய கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டுகிற தூரத்திலேயே வைத்துக்கொள் என்கிற பழைய அறிவுரையை ஜி.பி.எஸ். இன்னும் பழசாக்கிவிடவில்லை.

வானம் காலியாக இருப்பதுபோலத் தோன்றுவதும் ஒரு மயக்கம்தான். மேற்கே விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம், கிழக்கே குலசேகரப்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம். இரண்டும் சாத்தான்குளத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்குள். எடை எதுவானாலும் சிவப்பு மண்டலத்துக்குள் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. நானோ என்ற சலுகை அங்கே வாசலிலேயே நின்றுவிடும். எந்த இடம் எந்த மண்டலம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். வரைபடத்தில் தெரியாமல் திடீரென்று வருகிறவையும் உண்டு; 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவாயின. ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அப்படி ஒரு நாளில் வெள்ளத்தைப் படம்பிடிக்க ஆளுக்கொரு ட்ரோனைக் கிளப்பினால், 249 கிராம் என்பது ஹெலிகாப்டர் விமானிக்கு ஆறுதலாக இருக்காது.

‘இவ்வளவு யோசித்தால் பிள்ளைகள் எப்போதுதான் கற்றுக்கொள்வார்கள்?’ என்று கேட்கலாம். சலுகை கொடுத்ததே கற்றுக்கொள்ளத்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் கற்க ஏற்றது 249 கிராம் ட்ரோன் அல்ல என்பது என் கட்சி. இறக்கையைச் சுற்றிக் காப்பு வளையம் மாட்டினால் அது 250-ஐத் தாண்டி, சட்டப்படி ‘மைக்ரோ’ ஆகிவிடும். மாட்டாவிட்டால் புதியவர் கையில் திறந்த கத்தி. 80 கிராம் அளவில் வளையத்தோடே வருகிற பொடி ட்ரோனைப் பூட்டிய மண்டபத்துக்குள் ஒரு மாதம் ஓட்டலாம். ட்ரோனின் முகம் நம்மைப் பார்த்திருக்கும்போது இடமும் வலமும் மாறிப்போவதுதான் முதல் குழப்பம். அது கைக்குப் பழகிய பிறகு வெளியே வந்தால் போதும். அப்போதும் ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட ஒரு விடியற்காலை, ஆளில்லாத தேரி என்கிற செம்மணல் மேடு. அங்கேயும் மண்ணில் நேராக வைத்துக் கிளப்பக் கூடாது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் இல்மனைட் என்ற டைட்டானியம் கனிமம் கிடக்கிறது. டாடா ஸ்டீல் இங்கே டைட்டானியம் டை ஆக்சைடு ஆலைக்குத் திட்டமிட்டதும் 2007-இல் அது பெரிய சர்ச்சையானதும் இந்த மண்ணை வைத்துத்தான். காந்தத்தை அதில் புரட்டி எடுத்தால் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். ட்ரோன் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் வைத்துக் கிளப்ப வேண்டும், அதன்மேலேயே இறக்க வேண்டும். இறக்கிய பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்றில் நறநறவென்று சத்தம் கேட்டால், அதைச் சுத்தம் செய்யும்வரை ட்ரோன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.