கல்லூரிக் கூடைப்பந்து அணி போட்டிக்குப் போகிறதா? வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் மகனோ மகளோ, தம்பியோ தங்கையோ கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இடம்பிடித்துவிட்டார். "அடுத்த வாரம் இன்டர்-காலேஜ் மேட்ச்" என்று சொல்லிவிட்டுப் பையோடு கிளம்புகிறார். எங்கே நடக்கிறது, எத்தனை ஆட்டம், வென்றால் என்ன, தோற்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. உளுந்தூர்பேட்டை சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். கூடைப்பந்து பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவதாக இருந்தால் முதல் ஆட்டத்துக்கே போங்கள். அணி தோற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்த இரண்டுக்குமான காரணம்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் போட்டியை நடத்துவது யார்?

உங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ, அந்தப் பல்கலைக்கழகம். அதன் கீழ் உள்ள கல்லூரிகள் தங்களுக்குள் மோதுவதுதான் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. சில நேரம் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும். சில நேரம் ஏதாவது ஒரு கல்லூரி பொறுப்பேற்று நடத்தும்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் இப்போது சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து இப்படி மாற்றினார்கள். அதற்கு முன்பு வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்த அண்ணன், அக்கா சொல்லும் பழைய விவரங்களை அப்படியே நம்பிக் கிளம்பிவிட வேண்டாம்.

பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம். அங்கே கல்லூரிகளை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் மண்டலத்துக்குள் ஆட வேண்டும். அதில் வென்றவர்கள் அடுத்து மற்ற மண்டலங்களோடு மோதுவார்கள். மருத்துவம், சட்டம், கல்வியியல் கல்லூரிகளுக்குத் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

எப்போது, எங்கே என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள். பிள்ளைகள் பி.டி. சார், பி.டி. மேடம் என்று கூப்பிடுவது அவரைத்தான். போட்டி பெரும்பாலும் கல்வியாண்டின் முதல் பாதியில் வரும். அவரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த வளாகம், எந்த நாள், டிராவில் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) நம் அணி எங்கே இருக்கிறது.

சிதம்பரம் என்றால் உளுந்தூர்பேட்டையில் இருந்து விருத்தாசலம் போய், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போகலாம். காலை ஆட்டம் என்றால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும்.

மழையையும் கணக்கில் வையுங்கள். திறந்தவெளி சிமென்ட் தளம் ஈரமானால் கால் வழுக்கும், ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் போட்டி இருந்தால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

முதல் ஆட்டத்துக்கே ஏன் போக வேண்டும்?

தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட் (தோற்ற அணி அத்தோடு வெளியேறும் முறை) என்பதால்தான். மாதக்கணக்கில் காலையிலும் மாலையிலும் செய்த பயிற்சி ஒரே ஆட்டத்தில் முடிந்துவிடலாம். "அரையிறுதிக்கு வரட்டும், அப்போது போகலாம்" என்று காத்திருந்தால் பார்க்கவே முடியாமல் போகலாம்.

ஆடும் நேரம் 10 நிமிடம் வீதம் நான்கு பகுதி, ஆக 40 நிமிடம்தான். விசில் ஊதும்போதெல்லாம் கடிகாரம் நிற்பதால், இடைவேளையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

சில அணிகள் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகின்றனவே, அது எப்படி?

அதற்குப் பெயர் பை. சுற்றுச் சுற்றாக அணிகள் பாதியாகக் குறைய வேண்டும் என்றால் எண்ணிக்கை 8, 16, 32 என்று இருக்க வேண்டும். 21 அணிகள் வந்தால் 32-க்கு 11 குறைகிறது. அந்த 11 இடத்துக்குத்தான் பை. மீதி 10 அணிகள் ஐந்து ஆட்டம் ஆடி, வென்ற ஐந்தும் பை பெற்ற 11 அணிகளோடு சேர்ந்து 16 ஆகும்.

இதனால் உங்கள் அணிக்கு என்ன? இந்தக் கணக்குப்படி பை கிடைத்த அணி இரண்டு ஆட்டம் வென்றாலே கடைசி நான்கில் வந்துவிடும். கிடைக்காத அணி மூன்று ஆட்டம் வெல்ல வேண்டும். முந்தைய ஆண்டு முன்னிலையில் வந்த அணிகளைப் பட்டியலில் வெவ்வேறு மூலையில் வைப்பது வழக்கம். புதிய அணி முதல் நாளே ஒரு பெரிய அணியிடம் மாட்டிக்கொள்வது இப்படித்தான். அந்தத் தோல்விக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கடைசி நான்கு அணிகள் எப்படி ஆடும்?

பல பல்கலைக்கழகப் போட்டிகளில் இங்கே முறை மாறும். நான்கு அணிகளும் லீக் (ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் முறை) ஆடும். மொத்தம் ஆறு ஆட்டம். ஓர் அணிக்கு மூன்று. வென்றால் 2 புள்ளி, தோற்றால் 1 புள்ளி, ஆட வராமல் விட்டுக்கொடுத்தால் சுழியம்.

மூன்று அணிகள் தலா இரண்டு வெற்றியோடு சமமாக நின்றால்? அந்த மூன்றும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, போட்ட புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். நான்காவது அணியை 40 புள்ளியில் வென்றிருந்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். க அணி ச அணியை 60-50 என்று வெல்கிறது. ச அணி த அணியை 58-54 என்று வெல்கிறது. த அணி க அணியை 51-48 என்று வெல்கிறது. க அணிக்குக் கூட்டல் 7, த அணிக்குக் கழித்தல் 1, ச அணிக்குக் கழித்தல் 6. க முதலிடம், த இரண்டாமிடம், ச மூன்றாமிடம். த அணியை நேருக்கு நேர் வென்ற ச அணி அதற்குக் கீழே போய்விடுகிறது.

ஆகவே 10 புள்ளி பின்தங்கி, அரை நிமிடம்தான் பாக்கி என்ற நிலையிலும் நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தால் கைதட்டுங்கள். 10 புள்ளியில் தோற்பதை 5 புள்ளியாகக் குறைத்தாலே இடம் மாறக்கூடும்.

ஆட்டம் புரிய எதைக் கவனிக்க வேண்டும்?

வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். 6.75 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியில் இருந்து போட்டால் 3 புள்ளி, உள்ளே இருந்து போட்டால் 2, ஃப்ரீ த்ரோ (தடுப்பவர் இல்லாமல் கோட்டில் நின்று எறிவது) ஒன்றுக்கு 1. பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். ஒருவர் ஐந்து ஃபவுல் (விதிமீறல்) செய்தால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

முடிந்தால் இடைவேளையில் ஸ்கோர் மேசைப் பக்கம் போய், எழுதுபவருக்குத் தொந்தரவு இல்லாமல் அந்தத் தாளைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து சிறு கட்டங்கள் இருக்கும். ஃபவுல் செய்தால் ஒரு கட்டத்தில் 'பி' எழுத்து விழும். இன்னொரு பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். பந்து கூடையில் விழுந்தால் அந்த எண்ணின் மேல் ஒரு சாய்கோடு. ஃப்ரீ த்ரோ என்றால் கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி என்றால் போட்டவரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். உங்கள் பிள்ளைக்கு எதிரே மூன்று கட்டம் நிரம்பியிருந்தால், பயிற்சியாளர் ஏன் அவரை வெளியே உட்கார வைத்தார் என்று புரிந்துவிடும். அது தண்டனை அல்ல. கடைசிப் பகுதிக்காக அவரைப் பத்திரப்படுத்துகிறார்.

கடைசி நிமிடத்தில் வேண்டுமென்றே இடிக்கிறார்களே, அது சரியா?

பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்தக் கையாளும் வழி அது. ஒரு பகுதியில் அணியின் ஃபவுல் நான்கு ஆகிவிட்டால், அடுத்த ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ போகும். அதைக் கொடுத்துவிட்டு, பந்தை வாங்கி வேகமாகப் புள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். பந்தை நோக்கிக் கை நீட்டினால் சாதாரண ஃபவுல்தான். ஆளைத் தள்ளினாலோ பிடித்து இழுத்தாலோ நடுவர் கடுமையான ஃபவுல் கொடுப்பார்.

அணி தோற்றுவிட்டால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான்.

அமெரிக்காவில் கான்ஃபரன்ஸ் என்று சொல்லப்படும் கல்லூரிக் கூட்டமைப்பின் போட்டியை வெல்லும் அணி, 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு அணியாகவே போகும். அதில் இடம் கிடைக்காத அணியின் ஆட்டக்காரர், எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும், அணியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இங்கே அப்படி இல்லை. கல்லூரிப் போட்டி முடிந்ததும் எல்லாக் கல்லூரிகளில் இருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். 12 பேர். முதல் சுற்றில் தோற்ற கல்லூரியில் இருந்தும் ஒருவர் அதில் வரலாம்.

அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்கள் அங்கே மோதும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்தான் இதற்குத் தலைமை. தென் மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போவார்கள். அங்கே சிறப்பாக ஆடும் பல்கலைக்கழகங்களுக்கு, 2020-இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் வாய்ப்பு உண்டு.

அதனால் தோற்ற அன்று மாலை உங்கள் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "செலக்‌ஷன் எப்போது?" தேதியையும் இடத்தையும் உடற்கல்வி இயக்குநரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். தேர்வாளர்கள் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. தடுப்பாட்டம், ரீபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது), பந்தைச் சரியான ஆளுக்குக் கொடுப்பது எல்லாமே கணக்கில் வரும்.

இன்னொரு வழி முதலமைச்சர் கோப்பை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துவது. அதில் கல்லூரிப் பிரிவும் கூடைப்பந்தும் உண்டு. மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவுக்குப் போகும். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும் என்பதால் அறிவிப்பு வந்ததும் தாமதிக்காதீர்கள்.

இதனால் வாழ்க்கைக்கு என்ன பயன்?

நேரடியான பயன் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசுத் துறைகள், ரயில்வே, வங்கிகள் விளையாட்டு வழியாகவும் ஆள் எடுக்கின்றன. வருமான வரித் துறை, சுங்கத் துறை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவற்றுக்குச் சென்னையில் பெயர்பெற்ற கூடைப்பந்து அணிகள் இருந்திருக்கின்றன. இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் பணிபுரிபவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடிய சான்றிதழ் வேறு. பல்கலைக்கழகத்தின் சார்பில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடிய சான்றிதழ் வேறு. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு விதிகளில் பின்னதற்குத்தான் இடம். அதற்குரிய சான்று படிவம் 3. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி அதில் கையெழுத்திட வேண்டும். படித்து முடித்துப் பல ஆண்டு கழித்துத் தேடி அலைவதைவிட, போட்டி முடிந்த அந்த ஆண்டே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எந்த அளவுச் சாதனை வேண்டும் என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள்.

படிப்பு கெடாதா?

போட்டி நாட்களுக்கு ஓ.டி. (கல்லூரிப் பணியாக வெளியே சென்றதாகக் கொள்ளும் வருகை) உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வு தவறினால் மறுதேர்வுக்கு எழுத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு பிறகு செல்லாமல் போகலாம்.

மகளை வெளியூர் அனுப்புவது பாதுகாப்பா?

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அணியோடு பெண் பொறுப்பாளர் வருகிறாரா, எங்கே தங்குகிறார்கள், எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், யாருடைய எண்ணுக்குப் பேசலாம். இவற்றைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதில் திருப்தியாக இருந்தால் மனநிறைவோடு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள்.

போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

குடிநீர், குடை, வாழைப்பழம், ஒரு துண்டு. பிள்ளையின் பையில் கல்லூரி அடையாள அட்டை, பிறந்த தேதிச் சான்று, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் நகல் இருக்கட்டும். தகுதியைச் சரிபார்க்கும்போது இவை இல்லாமல் ஆட முடியாமல் போகலாம். நன்றாகப் பிடிமானம் உள்ள ஷூ இருக்கிறதா என்றும் பாருங்கள். தேய்ந்த ஷூவோடு சிமென்ட் தளத்தில் திரும்பினால் கணுக்கால் பிசகும்.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்லூரிக்குப் போன் செய்து போட்டித் தேதியையும், பல்கலைக்கழகத் தேர்வு நடக்கும் தேதியையும் கேட்டு, இரண்டையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தேதிக்கு நீங்கள் போங்கள். இரண்டாம் தேதிக்கு, முடிவு எதுவாக இருந்தாலும், பிள்ளையை அனுப்புங்கள்.