பாட்டியிடம் என்ன கேட்கிறோம்?

ரப்பர்த் தோட்டத்தை விட்டு வெளியேறி வருடம் எத்தனையோ ஆகியிருக்கும். பாட்டி மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, என் வாளி எங்கடி?" என்று மருமகளை உலுக்குவார். குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கம் இது அதிசயமல்ல. "வயசானா அப்படித்தான்" என்போம், மலாயில் 'ஞாஞோக்'. டிமென்ஷியா என்ற சொல் வீட்டுக்குள் நுழையும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும்.

மலேசியாவில் 60 வயதைத் தொட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இது இருக்கக்கூடும் என்றது 2018 தேசிய சுகாதார ஆய்வு. பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் இன்னும் அதிகம். இளமையில் கல்வி கிடைக்காததும் ஆபத்துக் காரணிதான், மறுக்கவில்லை. ஆனால் சோதிக்கும் முறையும் உறுத்துகிறது. மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் 30 மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் உருவானது. தாளில் இருப்பதைப் படித்து அப்படியே செய்யவேண்டும், ஒரு வாக்கியம் எழுதவேண்டும், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பால்மரங்களைப் பட்டை காயப்படாமல் சீவிய கை அது, பென்சில் பிடித்ததில்லை. அந்தச் சோதனையில் பாட்டி தோற்றால், போனது நினைவா, வராத எழுத்தா?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களைச் சோதிக்கத் தமிழ்நாட்டில் வழி தேடியிருக்கிறார்கள். அன்றைய கணக்குப்படி மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை. இந்தக் கணக்கையே பெயராக வைத்து 1998இல் தொடங்கிய '10/66' குழு சென்னையிலும் வேலூரிலும் வீடு வீடாகப் போனது. முதியவரிடம் மட்டுமல்ல, கூட இருப்பவரிடமும் கேட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், நரம்பியல் மருத்துவர் நாகேந்திரன் கந்தையாவின் குழு படங்களை வைத்தே நினைவைச் சோதிக்கும் முறையை வெளியிட்டது.

இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு நாமும் உதவலாம். உதவுவது என்றால் காசோலை எழுதுவது மட்டுமல்ல. சிகாமட்டில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் 'சியாக்கோ' ஆய்வுத் திட்டம் 2011 முதல் ஐந்து முக்கிம்களில் சுமார் 40,000 பேரின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. மறதி நோய்க்கென்றே தொடங்கியதல்ல. ஆனாலும் மலாய்க்காரர், சீனர், ஒராங் அஸ்லியோடு நம் ஆட்களும் கணக்கில் வருவது இப்படிப்பட்ட ஆய்வுகளால்தான்.

அப்படி யாராவது கதவைத் தட்டினால், "நல்லாத்தான் இருக்காங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். பாட்டியிடம் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். போன தீபாவளிக்குத் தானே முறுக்குப் பிழிந்தவர் இந்த வருடம் உப்பை இரண்டு தடவை போட்டாரென்றால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.