பெரியம்மா தேடிய தகரக் கூரை

கேமரன் மலைக்குக் கேமராவோடு கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது, "எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம்?" என்றுதான். நான் முதலில் சொல்வது பிளாஸ்டிக் பை. ஜிப் வைத்த சாதாரணப் பை. விடியற்காலைக் குளிரில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, பசியாறலாம் என்று சூடான கடைக்குள் நுழைந்தால், மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு என்ன நடக்குமோ அதேதான் லென்ஸுக்கும் நடக்கும். நீர் பூத்துவிடும். வெளியில் நிற்கும்போதே கேமராவைப் பையில் போட்டு மூடி, உள்ளே வந்து அது அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால், ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். இதில் சோம்பல்பட்டு, ஈரத்தோடே அலமாரியில் வைத்த என் முதல் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி அழகாக இருக்கும். படம்தான் வராது.

எனக்குச் சொந்த ஊர் கோலா தெர்லா. திரிங்காப்பைத் தாண்டி, கம்போங் ராஜாவுக்குப் போகிற வழியில் இருக்கிறது. வேலை கோலாலம்பூரில், ஒலிவாங்கிக்கு முன்னால். பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தபோது ஒட்டிக்கொண்ட புகைப்படப் பைத்தியம் இன்னும் விடவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதுவும் கூடவே வரும்.

என்னிடம் பெரிய சாமான்கள் எதுவும் கிடையாது. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ், இரண்டாம் கையாக வாங்கிய 55-250, சுழற்றினால் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடி. தேயிலைக்கு இந்தக் கடைசிச் சாமான் அவசியம். மழையில் நனைந்த இலை வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாக மினுங்கும். போலரைசரைத் திருப்பினால் அந்த மினுக்கு விலகி, இலையின் பச்சை தெரியும். 250 மில்லிமீட்டரில் எதிர்ச் சரிவைப் பார்த்தால் செடி வரிசைகள் ஒன்றையொன்று நெருங்கி, கோலமாவில் இழுத்த கோடுகள்போல் ஆகிவிடும்.

பனிமூட்டம்தான் தந்திரக்காரி. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைப் பனியைப் பார்த்தால், "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு கட்டிக் குறைத்துவிடும். நாம் பார்த்தது பால் வெள்ளை. படத்தில் வருவது அடுப்புச் சாம்பல். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வைத்தால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. கேமராவோடு கொடுத்த கையேட்டில் இருந்ததாம்.

அதற்குப் பிறகுதான் கணினி வேலை. 2015இல் லைட்ரூம் மென்பொருளில் 'டிஹேஸ்' என்ற வசதி வந்தது. ஒரு பட்டையை வலப்பக்கம் இழுத்தால் மூட்டம் விலகி, பின்னால் இருக்கிற மலை முன்னால் வந்து நிற்கும். பனியைப் படமெடுப்பதற்காக ஐந்து மணிக்கு எழுந்து போய், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அந்தப் பனியையே துடைத்துக்கொண்டிருந்தேன். பச்சையையும் விடவில்லை. கொழுந்துக்கு மஞ்சள் கலந்த பச்சை, முற்றிய இலைக்குக் கரும்பச்சை என்று தேயிலைக்குள்ளேயே எத்தனையோ பச்சை உண்டு. நான் ஏற்றிய ஏற்றில் எல்லாம் கிளி நிறமாகிவிட்டன.

2016 டிசம்பரில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. காலை ஏழு மணி, சரிவு முழுக்கத் தேயிலை, ஓரத்தில் பனி. ஆனால் இடது மூலையில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். மேலே மின்கம்பி. கீழே, துருப்பிடித்த தகரக் கூரையோடு ஒரு பழைய லயம். பக்கத்துச் செடிகளை நகலெடுத்து இவை எல்லாவற்றின் மேலும் ஒட்டினேன். இரண்டு ராத்திரி வேலை. ஒட்டிய இடம் தெரியாதபடி நிழலைக்கூடச் சரிசெய்தேன். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, அடுத்த தீபாவளிக்குப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

பெரியம்மா அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கூடையும் கையுமாகப் பறித்த காலம் அது. இப்போது பல சரிவுகளில் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்கிற இயந்திரம்தான் வெட்டுகிறது. அவர் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடது மூலையிலேயே வெகுநேரம் பார்த்தார்.

"இங்கதானே நம்ம லயம் இருந்துச்சு? எங்கம்மா காணோம்?"

"அது அழகா இல்ல பெரிம்மா, எடுத்துட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைச் சுவரில் மாட்டவும் மறக்கவில்லை. சில வருடங்களில் அந்த லயத்தை உண்மையிலேயே இடித்துவிட்டார்கள். "அந்தப் பழைய படத்த எடும்மா, வீடு இருக்கிறத ஒண்ணு போட்டுக் குடு" என்று பெரியம்மா தொலைபேசியில் கேட்டார். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெமரி கார்டில் இடம் போதாது என்று அந்த நாளில் ரா கோப்பாக எடுக்காமல் ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தேன். திருத்தியதை அதே கோப்பின்மேல் சேமித்தும் விட்டேன். கார்டை அழித்து, அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் எடுத்தாயிற்று.

வானொலியில் இந்தத் தவற்றை நான் செய்யவே மாட்டேன் என்பதுதான் கொடுமை. பேட்டியில் இருமலை வெட்டுவோம், "வந்து... வந்து..." என்று இழுப்பதை வெட்டுவோம். ஆனால் முழு ஒலிப்பதிவையும் தனியாக வைத்திருப்போம். வெட்டியதில் பேசியவரின் பொருள் மாறியதா என்று இன்னொருவர் கேட்டுப் பார்ப்பார். காதுக்கு வைத்திருந்த ஒழுங்கைக் கண்ணுக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

படத்தைத் திருத்துவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலவு எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரதி போட்டார். போகப் போக இருட்டறையில் வானத்தைக் கருப்பாக்கிக்கொண்டே போனார். ஆனால் அந்த ஊரின் கல்லறைச் சிலுவைகள் அங்கேயே நின்றன. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக், நெடுக்கு அட்டைக்குள் அடங்க வேண்டும் என்று கீசாவின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்துப் பெரிய சர்ச்சையில் சிக்கியது. ஃபோட்டோஷாப் வந்தது 1990இல்தான். ஆசைக்கு மென்பொருள் தேவைப்படவில்லை.

நம் வீடுகளில் மட்டும் என்ன? தாத்தாவின் படம் கோட்டும் டையுமாகக் கூடத்தில் தொங்குகிறது. அவர் வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. ஸ்டூடியோக்காரர் தூரிகையால் மாட்டிவிட்டது. அந்தப் பொய் எனக்குப் பிடிக்கும். அது அவருக்கு ஒன்றைக் கொடுத்தது. நான் செய்தது எடுத்துக்கொண்டது.

சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கருவிக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்து, அதைச் சுமந்து காட்டில் யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். என் குறையை லென்ஸின் மேல் போட முடியாதபடி செய்துவிடுகிறார் மனிதர்.

இப்போது ரா கோப்பு இல்லாமல் எடுப்பதில்லை. சாதாரண ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள் வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பு 16,384 வைத்திருக்கும். லைட்ரூம் அந்த மூலக் கோப்பைத் தொடாமல், நாம் செய்த மாற்றங்களைக் குறிப்பாக மட்டும் எழுதி வைக்கும். இரண்டு வன்தட்டுகளில் பிரதி. ஒன்று என்னிடம், ஒன்று தம்பி வீட்டில்.

அழித்த லயத்தை மீட்க முடியுமா என்று செயற்கை நுண்ணறிவிடமும் கேட்டுப் பார்த்தேன். அருமையான தகரக் கூரை ஒன்றை நொடியில் போட்டுக் கொடுத்தது. அது யார் வீடோ.

பிறகு கணினி தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு வழி சொன்னார். கேமரா ஜேபெக் எடுக்கும்போது அதன் தகவல் பகுதிக்குள், பார்வைக்கு என்று 160க்கு 120 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படத்தையும் வைக்கிறது. சில மென்பொருள்கள் படத்தை மாற்றிச் சேமிக்கும்போது அந்தக் குட்டியை மாற்ற மறந்துவிடும். என்னுடையதும் மறந்திருந்தது.

தபால்தலை அளவுகூட இல்லை. இடது மூலையில், பச்சைக்கு நடுவே, பத்துப் பன்னிரண்டு புள்ளி நீளத்துக்கு ஒரு செம்பழுப்புக் கோடு. கைப்பேசியில் போட்டுப் பெரியம்மாவிடம் நீட்டினேன். பெரிதாக்கினால் வெறும் கட்டங்கள்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொன்னேன். அவர் பெரிதாக்கவில்லை. விரலை வைத்தார், விரல் நுனியில் லயம் முழுதும் மறைந்தது. விரலை எடுத்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி வைத்தார்.

"கடைசிக்கு முந்தின வீடு. பின்னால சௌசௌ பந்தல்" என்றார்.