மோதலின் கணக்கு – 14: தலைக்குக் கிடைக்கும் இரண்டரை சென்டிமீட்டர்

கபடியில் கணுக்காலைப் பிடித்தால் ரெய்டர் ஏன் குப்புற விழுகிறார் என்று சென்ற வாரம் பார்த்தோம். கால் நின்றுவிடுகிறது, உடல் போய்க்கொண்டே இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் பல நேரம் அந்த நாசூக்குக்கு இடமில்லை. பந்தோடு ஓடி வருகிறவரை நெஞ்சோடு நெஞ்சாக மோதித்தான் நிறுத்துகிறார்கள்.

100 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உந்தம் 800 அலகு. அவரை 1 நொடியில் நிறுத்த 800 நியூட்டன் விசை போதும். 0.2 நொடியில் நிறுத்த வேண்டுமானால் 4,000 நியூட்டன் தேவை. அது ஏறக்குறைய 400 கிலோ பாரம் மேலே அழுத்துவதற்குச் சமம். ஆளும் அதே, வேகமும் அதே. நிற்பதில் உள்ள அவசரம்தான் எலும்பை முறிக்கிறது.

இந்தக் கணக்கு ஓசூர்ச் சாலைக்கும் அப்படியே பொருந்தும். 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் பிறந்த ஊர் இது. இன்று ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர்களும் இதே மாவட்டத்திலிருந்து புறப்படுகின்றன. ஷிப்ட் விட்டதும் சிப்காட்டிலிருந்து பாகலூர், சூளகிரி, அத்திப்பள்ளி என நாலா பக்கமும் வண்டிகள் பறக்கின்றன. அவற்றை ஓட்டும் பலரின் ஹெல்மெட் முழங்கையில் தொங்குகிறது. ஜூஜூவாடி அருகே போலீஸ் தென்பட்டால்தான் அது தலைக்கு ஏறுகிறது.

வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தாலும் இதுதான் நிலை. அந்த அடி எவ்வளவு கடுமை என்று அறிய, விழுந்த உயரத்தை, தலை நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் போதும். வெறும் தலை 5 மில்லிமீட்டருக்குள் நின்றால், சராசரியாகப் புவியீர்ப்பின் 300 மடங்கு. ஹெல்மெட் அந்தத் தூரத்தை 25 மில்லிமீட்டராக்கினால் 60 மடங்கு. உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டரை சென்டிமீட்டர்தான்.

அந்தத் தூரத்தைத் தருவது வெளியே பளபளக்கும் ஓடு அல்ல. உள்துணியை விலக்கிப் பாருங்கள், தெர்மாகோல் மாதிரி ஒரு தடித்த அடுக்கு தெரியும். அதே பாலிஸ்டைரீன்தான், அடர்த்தி மட்டும் கூடுதல். அடி விழும்போது அதிலுள்ள நுண்ணிய குமிழ்கள் நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. நசுங்கியது திரும்ப எழும்பாது. ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட், மேலே ஒரு கீறலோடு நல்லபடியாகத் தெரிந்தாலும், அதன் வேலை முடிந்துவிட்டது.

அமெரிக்கக் கால்பந்து வீரருக்கு ஒரே ஆட்டத்தில் பல தடவை அடி விழும். அதனால் அவருடைய ஹெல்மெட்டில் அமுங்கி மீளும் பஞ்சு வைக்கிறார்கள். தோல் தொப்பியில் தொடங்கிய அந்தக் கவசம், 1939-ல் ரிடெல் நிறுவனத்தால் பிளாஸ்டிக் ஆனது. 1943-ல் அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. மண்டை பிழைத்தது. ஆனால் கவசம் தந்த துணிச்சலில், வீரர்கள் தலையைத் தாழ்த்தி ஈட்டிபோலப் பாய ஆரம்பித்தார்கள். கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர்கள் பெருகினார்கள். 1976-ல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் அந்தப் பாய்ச்சலைத் தடை செய்த பிறகே அது குறைந்தது. 2002-ல் இறந்த முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த டாக்டர் பென்னட் ஒமாலு, அதில் நாட்பட்ட சிதைவைக் கண்டார். மண்டையோடு நின்ற பிறகும் உள்ளே மூளை நகர்கிறது, திருகுகிறது. எந்தக் கவசமும் அதை முழுக்கத் தடுப்பதில்லை.

நமக்கும் பாடம் அதுதான். நின்ற லாரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பு. அதே 25 மில்லிமீட்டரால் வகுத்தால் 560 மடங்கு. ஹெல்மெட் வேகத்துக்குத் தரும் அனுமதிச் சீட்டு அல்ல. விழும் தலைக்காகச் செய்த பொருள் அது.

2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்பது சட்டம். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டையைக் கொக்கியில் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் தலைக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்டதை விலை பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். பின்னால் உட்காரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் இதே கணக்குதான். புவியீர்ப்பு யாருக்கும் சலுகை தருவதில்லை.

அடுத்த வாரம்: பந்தைச் சுழற்றி எறிந்தால் ஏன் நேராகப் போகிறது?